பழைய வீட்டில் வைஃபை: கடைசி அறைவரை சிக்னலைக் கொண்டு சேர்ப்பது எப்படி?

என் மாமனார் வீடு சிங்கப்பூரின் அங் மோ கியோவில், 1970களின் கடைசியில் கட்டிய புளோக்கில் இருக்கிறது. நாலறை வீடு. வாசற்கதவைத் திறந்தால் கூடம். கூடத்து மூலையில் சாமி அலமாரி. அதன் கீழ்த்தட்டில், காலணி வைக்கும் பெட்டிக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு ரூட்டர் உட்கார்ந்திருக்கும். கூடத்தில் படம் பார்க்கலாம், குறையில்லை. நடைவழியில் திரும்பியதும் தடுமாற ஆரம்பிக்கும். கடைசி அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் தம்பியை அவர் காணொளியில் அழைத்தால், தம்பியின் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நிற்கும்.

"மாப்பிள்ளை, பத்து ஜிகாபிட் திட்டத்துக்கு மாறிவிடலாமா? எங்கே பார்த்தாலும் விளம்பரம் வருகிறதே" என்று கேட்டார். மாறியிருந்தால் தம்பியின் வாய் மூடியிருக்காது.

அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வேகத்தில் குறை எதுவும் இல்லை. வாசல்வரை வந்த வேகம் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். காரணம் வீட்டின் வயதிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் முழுவதும் வீடுகளுக்கு ஃபைபர் இழுத்தது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கட்டி முடித்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குள் அந்தக் கம்பிக்கென்று வழி எதுவும் விட்டுவைக்கவில்லை. ஆகவே பொது நடைபாதையின் கூரையோரமாக வந்து, வாசற்கதவுக்கு மேலே நுழைந்து, கிடைத்த முதல் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பதித்து முடித்துவிட்டார்கள். ரூட்டரும் அதன் பக்கத்திலேயே குடியேறிவிட்டது. வீட்டின் ஒரு கோடியில் நின்று எல்லா அறைக்கும் குரல் கொடுக்க வேண்டிய நிலை அதற்கு. அதன் குரலில் பாதி பக்கத்து வீட்டுக்கும் நடைபாதைக்கும் போகிறது.

நடுவே சுவர்கள் வேறு. பூசிய செங்கல் சுவர் அலையைக் கொஞ்சம் விழுங்கும். கட்டடத்தின் எடையைத் தாங்கும் கான்கிரீட் சுவர், உள்ளே இரும்புக் கம்பியோடு நிற்பதால் நிறையவே விழுங்கும். பழைய வீட்டுக்காரர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. 1990களின் கடைசியிலிருந்து வந்த வீடுகளில் இருக்கும் தடித்த கான்கிரீட் பாதுகாப்பறை இங்கே கிடையாது. புது வீட்டில் அந்தப் பாதுகாப்பறைக்குள் ரூட்டரை வைத்து இரும்புக் கதவையும் சாத்திவிட்டு, இணையம் மோசம் என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அளந்து பாருங்கள்

நான் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துத்தான் முதல் தவறைச் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் வீட்டின் வரைபடத்தைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. எந்த அறை எங்கே, கதவு எங்கே, குளிர்சாதனப் பெட்டியும் இரும்பு பீரோவும் எங்கே என்று தெரிந்தால் போதும். பிறகு கைப்பேசியோடு ஒவ்வோர் இடமாக நின்று, சிக்னல் வலுவைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் விசிறிக் கோடுகளை நம்ப வேண்டாம், எண் வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை இறக்கினால் எண் தெரியும். ஐஃபோன் என்றால் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியை இறக்கி, கைப்பேசி அமைப்புகளில் அந்தச் செயலிக்கான பக்கத்தில் வைஃபை ஸ்கேனரை இயக்க வேண்டும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை குறியைத் தட்டினாலே விவரம் விரியும்.

அந்த எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. –50 என்றால் ரூட்டர் கண்ணெதிரே இருக்கிறது என்று பொருள். –67 வரை காணொளி அழைப்பு நிம்மதியாக நடக்கும். –75க்குக் கீழே போனால் குறுஞ்செய்தி போகும், முகம் உறையும். –80ஐத் தாண்டினால் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இந்தக் கணக்கில் 3 குறைந்தால் வலு பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது.

மாமனார் வீட்டில் நான் குறித்தவை: கூடம் –42, நடைவழித் திருப்பம் –63, நடு அறை –70, கடைசி அறை –81, சமையலறை –84. கூடத்துக்கும் கடைசி அறைக்கும் வித்தியாசம் 39. அதாவது கூடத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய எட்டாயிரத்தில் ஒரு பங்குதான் அவர் கட்டிலுக்குப் போய்ச் சேர்கிறது. பத்து நடையில் இத்தனை இழப்பு. அவரிடம் அந்தத் தாளைக் காட்டியதும் விளம்பரப் பேச்சு நின்றது.

இன்னொரு சோதனையும் இப்போதே செய்துவிடுங்கள். மடிக்கணினியை நெட்வொர்க் கேபிளால் நேரடியாக ரூட்டரில் செருகி வேகத்தைப் பாருங்கள். ஒரு ஜிகாபிட் திட்டத்தில் விநாடிக்கு 900 மெகாபிட்டை ஒட்டி வந்தால் சேவை நிறுவனத்தின் மேல் குற்றமில்லை. சண்டை உங்கள் சுவரோடுதான். கேபிளிலேயே வேகம் வரவில்லை என்றால் மேற்கொண்டு எதையும் வாங்காமல் நிறுவனத்தை அழையுங்கள். அதற்கு முன் கேபிளை ஒரு முறை மாற்றிப் பார்த்துவிடுவது நல்லது. பழைய, முறிந்த கேபிளால் வேகம் 100 மெகாபிட்டில் முட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது.

இவ்வளவு வேகம் யாருக்கு வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். துல்லியமான 4கே படம் ஓடுவதற்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது விநாடிக்கு 15 மெகாபிட். காணொளி அழைப்புக்கு அதிலும் குறைவு. மாமனாருக்குத் தேவையானது, வீட்டுக்குள் வரும் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு கடைசி அறைக்குத் தடுமாறாமல் வந்து சேர்வது மட்டுமே.

காசில்லாமல் செய்யக்கூடியவை

ரூட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். சொல்வதற்குச் சுலபம், எங்கள் வீட்டில் அது ஒரு பஞ்சாயத்தே ஆயிற்று. கம்பியும் விளக்குமாகக் கண்ணை உறுத்தும் பெட்டியைக் கூடத்தில் வைக்கக் கூடாது என்பது மாமியாரின் கட்சி. ஆனால் பித்தளையும் கண்ணாடியும் சூழ்ந்த அலமாரிக்குள், தரையோடு தரையாக வைத்தால் அலை எங்கே போகும்? உலோகம் அலையைத் திருப்பி அடிக்கிறது, தண்ணீர் உறிஞ்சிக்கொள்கிறது. ரூட்டருக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைத்திருந்தால் மீன்களுக்கு மட்டும் நல்ல சிக்னல் கிடைக்கும். ஆளுயரக் கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான். கடைசியில் சாமி அலமாரியின் மேல்தட்டுக்கு, சுவரை ஒட்டாமல், நடைவழியை நோக்கி ரூட்டரை ஏற்றினோம். தோள் உயரத்துக்கு மேலே இருந்தால் நாற்காலி, பீரோ எல்லாவற்றின் தலைக்கு மேலே அலை போகும். இந்த ஒரு மாற்றத்துக்கே கடைசி அறை –81இலிருந்து –74க்கு வந்தது.

ரூட்டருக்குக் கொம்பு போன்ற ஆன்டெனா இருந்தால் நேராக நிமிர்த்தி வையுங்கள். அலை அதன் நுனியிலிருந்து பாய்வதில்லை. ஆன்டெனாவை ஒரு குச்சியாகவும் அதில் மாட்டிய மெதுவடையாகவும் நினைத்துக்கொண்டால், வடை இருக்கும் இடமெல்லாம் சிக்னல். குச்சி நிமிர்ந்தால் வடை தரைக்கு இணையாகப் பரவும். ஒரே தளத்தில் இருக்கும் வீட்டுக்கு அதுதான் சரி. மேல்மாடி உள்ள மேசனட் வீட்டில் ஓர் ஆன்டெனாவைப் படுக்க வைத்துப் பார்க்கலாம்.

ஃபைபர் கம்பியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெள்ளைப் பெட்டியிலிருந்து ரூட்டருக்கோ ஃபைபர் ஒளியை இணையச் சிக்னலாக மாற்றும் ஓஎன்டி எனப்படும் சிறு பெட்டிக்கோ வரும் மெல்லிய கம்பி கண்ணாடி இழை. மடக்கினாலும் நசுக்கினாலும் போய்விடும். அதன் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டாம். நீளம் போதவில்லை என்றால் நீளமான இழைக்கம்பி கடைகளில் கிடைக்கிறது. வெள்ளைப் பெட்டியையே வேறு சுவருக்கு மாற்றுவது நாமே செய்யும் வேலை அல்ல. அந்தக் கட்டமைப்பு நெட்லிங்க் டிரஸ்டினுடையது. அவர்களிடமோ உங்கள் சேவை நிறுவனத்தின் வழியாகவோ கேட்க வேண்டும், கட்டணம் உண்டு.

அமைப்புகளில் மாற்ற வேண்டியவை

ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் மெதுவானது. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2023இல் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 6 ஜிகாஹெர்ட்ஸையும் வைஃபைக்குத் திறந்துவிட்டது. புதுச் சாதனங்களில் அது மின்னல் வேகம். ஆனால் சுவர் விஷயத்தில் 5ஐவிடச் சற்று மோசம் என்பதால், பழைய வீட்டுக்காரர் அதை நம்பிப் புது ரூட்டர் வாங்குவதில் அர்த்தமில்லை.

2.4இல் நெரிசல் ஒரு பெரிய தொல்லை. வைஃபை அனலைசரைத் திறந்தபோது மாமனார் வீட்டுக் கூடத்தில் மட்டும் 27 வைஃபை பெயர்கள் தெரிந்தன. மேல்வீடு, கீழ்வீடு, எதிர்ப் புளோக் எல்லாம் அதில் அடக்கம். இந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 மட்டுமே. மூன்றில் எது காலியாகத் தெரிகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். தடத்தின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 வைத்தால் வேகம் கூடும் என்று ஆசை காட்டும். அடுக்குமாடியில் அது அண்டை வீட்டாரோடு முட்டிக்கொள்ளத்தான் உதவும். சாப்பாடு சூடாக்கும் நேரத்தில் மட்டும் சமையலறையில் இணையம் அறுந்தால் மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகப்படுங்கள். அதுவும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது.

5 ஜிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையும், 149 முதல் மேலேயும் உள்ள தடங்கள் தொல்லை இல்லாதவை. நடுவில் உள்ளவற்றை ராடாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது விதி. ராடார் போல ஏதேனும் தென்பட்டால் ரூட்டர் சட்டென்று தடம் மாறும். அந்த நேரத்தில் இணைப்பு அறுந்து மீளும். காரணமே தெரியாமல் அவ்வப்போது இணைப்பு விட்டுப்போகிறது என்றால் தடத்தை 36க்கு மாற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

என் நாற்பது வெள்ளித் தவறு

அளப்பதற்கு முன்பே, சுவர் மின்செருகியில் நேராகச் செருகும், வந்த சிக்னலை வாங்கித் திருப்பிப் பரப்பும் ரிப்பீட்டர் ஒன்றை நாற்பது வெள்ளி கொடுத்து வாங்கிவந்திருந்தேன். எங்கே சிக்னல் இல்லையோ அங்கேதானே வைக்க வேண்டும்? கடைசி அறையில், மாமனாரின் தலைமாட்டில் செருகினேன். கைப்பேசியில் விசிறி முழுதாக நிரம்பியது. வீடே மகிழ்ந்தது. ஈப்போத் தம்பி அப்போதும் வாய் திறந்தபடியே இருந்தார்.

விசிறிக் கோடுகள் காட்டியது கைப்பேசிக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள இரண்டடி தூரத்தை. ரிப்பீட்டருக்குக் கூடத்திலிருந்து வந்து சேர்ந்ததோ அதே –81. கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது வாளியைப் பெரிதாக்கிய கதை. ரிப்பீட்டரையோ, பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் கம்பியில்லா மெஷ் பெட்டியையோ வைக்க வேண்டிய இடம் இருட்டு அறை அல்ல. அதற்கு முன்னால், சிக்னல் இன்னும் உயிரோடு –60, –65 என்று இருக்கும் இடம். எங்கள் வரைபடத்தில் அது நடைவழித் திருப்பம். அங்கே மாற்றிச் செருகியதும் நிலைமை தேறியது. ஆனாலும் மலிவான ரிப்பீட்டர் ஒரே வாயால் கேட்டு அதே வாயால் திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகக் குறையும். அவசரத்துக்கு உதவும், நிரந்தரத் தீர்வு ஆகாது.

கேபிள் இழுங்கள்

இத்தனை அலைச்சலுக்குப் பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான். பழைய வீட்டில் சுவரைத் தாண்டுகிற வேலையைக் கேபிளிடம் கொடுக்க வேண்டும். கடைசிச் சில அடிகளை மட்டும் வைஃபையிடம் விட வேண்டும். கூடத்து ரூட்டரிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். அதன் நுனியில் இன்னொரு வைஃபை பெட்டி. விலையுயர்ந்த ரூட்டர் எதுவும் இந்த எளிய ஏற்பாட்டுக்கு ஈடாகாது.

கேபிள் போகும் வழியை முதலில் நூல் பிடித்துப் பாருங்கள். நான் மாமியாரின் பூத்தொடுக்கும் நூலைத்தான் பிடித்தேன். ரூட்டரிலிருந்து மேலே ஏறி, கூரையை ஒட்டி, அறைக்கதவு நிலைகளுக்கு மேலாகப் போய், நடைவழித் திருப்பத்தில் இறங்கும்வரை 11 மீட்டர் வந்தது. கடையில் கிடைத்த ஆயத்தக் கேபிள் 15 மீட்டர். நீளம் மிஞ்சினால் சுருட்டி வைக்கலாம், குறைந்தால் வழியில்லை. 100 மீட்டர்வரை இந்தக் கேபிள் தாங்கும் என்பதால் வீட்டுக்குள் தூரம் ஒரு பிரச்சினையே அல்ல.

கேட்5இ வகையே ஒரு ஜிகாபிட்டுக்குப் போதும். விலை வித்தியாசம் சொற்பம் என்பதால் கேட்6 வாங்குங்கள். சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் கேட்கும் நீளத்துக்கு வெட்டி, முனை பொருத்தியே தருகிறவர்கள் உண்டு. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: உள்ளே இருப்பது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா? இரண்டாவது மலிவு, வளைவுகளில் முறியும். தட்டையான கேபிள் கதவடியில் நுழைய வசதி. ஆனால் தினமும் கதவு அதன் மேல் உரசும் இடத்தில் அது நெடுநாள் உழைக்காது.

கேபிளை மறைக்கும் பிளாஸ்டிக் டிரங்கிங்கை ஒட்டுநாடாவோடு விற்கிறார்கள். சுவரில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். நாற்பதாண்டுச் சுவரில் சாயத்தின் மேல் சாயமாக ஏறியிருக்கிறது. நாம் ஒட்டுவது கடைசிச் சாயத்தின் மேல்தான். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தச் சாயமே உரிந்து, டிரங்கிங்கோடு சேர்ந்து வந்துவிடும். எங்களுக்கு மூன்றாம் வாரத்தில் நள்ளிரவில் விழுந்தது. திருடன் என்று மாமியார் எழுந்துவிட்டார். இரண்டாம் முறை செய்தது இது: சுவரை ஈரத்துணியால் துடைத்து ஒரு பகல் முழுதும் காயவிட்டு, ஒட்டிய பிறகு ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு சிறு திருகாணி. "சாயம் அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, சுவரைத் துளைக்காதீர்கள் மாப்பிள்ளை" என்று மாமனார் முணுமுணுத்தார். துளைகள் டிரங்கிங்குக்குள்ளேயே மறைந்துவிடுகின்றன என்று காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார்.

உங்கள் வீட்டில் குளிரூட்டிக் குழாய்களுக்கான வெள்ளை டிரங்கிங் கூரையோரம் ஓடுகிறதா? அதை ஒட்டியே கேபிளையும் கொண்டுபோனால் புதிதாகக் கண்ணை உறுத்தாது. மின்கம்பி ஓடும் குழாய்க்குள் மட்டும் கேபிளை நுழைக்காதீர்கள். மின்கம்பியைத் தொட வேண்டிய வேலை எதுவானாலும் உரிமம் பெற்ற மின் ஊழியரிடம் விடுங்கள். அறைக்கு அறை துளையிட்டுக் கேபிளைக் கொண்டுபோக நினைத்தால் தூணிலும் உத்தரத்திலும் கான்கிரீட் தாங்குசுவரிலும் கை வைக்கக் கூடாது. எது தாங்குசுவர் என்று சந்தேகம் வந்தால் வீவகவிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் தரை ஓடுகளைப் பதிப்பதற்கு முன்பே ஒவ்வோர் அறைக்கும் ஒரு கேட்6 இழுத்துவிடச் சொல்லுங்கள். புது வீடுகளுக்கு அது ஆரம்பத்திலேயே கிடைக்கும் வசதி.

நுனியில் வைக்கும் பெட்டி

புதிதாக வாங்குவதற்கு முன் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது வந்த ரூட்டர் ஒன்று அட்டைப்பெட்டி பிரிக்காமல் தூங்கிக்கொண்டிருக்கும். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. அதை இரண்டாவது ரூட்டராக அல்ல, கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் வெறும் அணுகுமுனையாகப் பயன்படுத்த வேண்டும். அக்சஸ் பாயின்ட் மோட் என்ற தேர்வு அமைப்புகளில் இருந்தால் அதை அழுத்தினால் முடிந்தது.

அந்தத் தேர்வு இல்லாத பழைய பெட்டி என்றால் கைவேலை கொஞ்சம் உண்டு. வீட்டு ரூட்டரோடு இணைக்காமல், மடிக்கணினியில் மட்டும் செருகி அதன் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். முதலில் அதன் முகவரியை மாற்றுங்கள்: கூடத்து ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். பிறகு டிஹெச்சிபி என்ற சேவையை அணைத்துவிடுங்கள். வீட்டில் உள்ள சாதனங்களுக்கு முகவரி வழங்கும் வேலை அது. ஒரு வீட்டில் இரண்டு பேர் அதைச் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். அடுத்து வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கூடத்து ரூட்டரில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். தடத்தை மட்டும் வேறாக வையுங்கள். கூடத்தில் 36 என்றால் இங்கே 149. கடைசியாக, நீங்கள் இழுத்து வந்த கேபிளை லேன் (LAN) என்று எழுதிய துளைகளில் ஒன்றில் செருகுங்கள். நிறம் மாறித் தனியாக இருக்கும் வான் (WAN) துளையில் செருகினால் மேலே செய்த எதுவும் பலிக்காது. நான் அந்தத் துளையில் செருகிவிட்டு அரைமணி நேரம் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சில கைப்பேசிகள் பழைய உறவை விடாது. கடைசி அறைக்குள் வந்த பிறகும் கூடத்து ரூட்டரையே பற்றிக்கொண்டிருக்கும். வைஃபையை ஒரு முறை அணைத்து இயக்கினால் புதியதற்குத் தாவும். அது தினமும் நடந்தால் கூடத்து ரூட்டரின் ஒலிபரப்பு வலுவைக் குறைத்துப் பாருங்கள். வலுவைக் கூட்டுவதால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எல்லோரும் செய்யும் தவறு. ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் கைப்பேசியின் சின்னக் குரல் அதற்குக் கேட்க வேண்டுமே.

புதிதாக வாங்குவதானால் ஒரே நிறுவனத்தின் மெஷ் பெட்டிகள் இரண்டு போதும். நாலறை வீட்டுக்கு மூன்று தேவையில்லை. கைப்பேசிகளை அறைக்கு அறை கைமாற்றிவிடும் வேலையை அவை தாமே பார்த்துக்கொள்ளும். கேபிளால் இணைக்க முடிகிற மெஷ்ஷா என்று பார்த்து வாங்குங்கள். இங்கே முறையாக விற்கும் வைஃபை சாதனங்களில் ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரக்குறிப்பு ஒட்டப்பட்டிருக்கும். ரூட்டராக இருந்தால் 2020இல் தொடங்கிய இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் குறைந்தது முதல் நிலையாவது இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் தருவிக்கும் பெட்டி மலிவாக இருக்கலாம். ஆனால் அதன் தடங்கள் அந்த நாட்டு விதிக்கு ஏற்றவையாக இருக்கலாம், அதன் மின்முனை நம் சுவர்ச் செருகிக்குப் பொருந்தாமலும் போகலாம்.

கேபிளுக்கு வழியே இல்லை என்றால்

வாடகை அறையில் இருக்கிறீர்கள், வீட்டு உரிமையாளர் ஆணிகூட அடிக்க விடமாட்டார் என்றால் கம்பியில்லா மெஷ்தான் முதல் தேர்வு. இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை உள்ள மூவலை (டிரை-பேண்ட்) வகையாகப் பாருங்கள். இரண்டாவது பெட்டியை வைக்கும் இடம் பற்றி என் நாற்பது வெள்ளிக் கதையை நினைவில் வையுங்கள். இதுவும் உரிமையாளரின் ரூட்டரோடு இணைய வேண்டியது என்பதால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் பெட்டிகளும் உண்டு. ஒன்றைக் கூடத்தில் செருகி ரூட்டரோடு கேபிளால் இணைத்து, மற்றொன்றைக் கடைசி அறையில் செருகினால் வேலை முடிந்தது. இரண்டையும் சுவர்ச் செருகியில் நேராகச் செருக வேண்டும். நீட்டிப்புப் பலகையில் செருகினால் பாதி வேகம் அங்கேயே போய்விடும். அட்டைப்பெட்டியில் 1000, 2000 என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். குளிரூட்டியும் மலிவு மின்னேற்றிகளும் ஓடும்போது அதில் சிறு பங்குதான் கிடைக்கும். வீட்டுக்கு வீடு இது மாறும் என்பதால், திருப்பித் தர அனுமதிக்கும் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

இரண்டு தளமுள்ள மேசனட் வீட்டில் பெரிய எதிரி கான்கிரீட் தளம். படிக்கட்டு வெளிதான் அங்கே இயற்கையான வழி. இரண்டாவது பெட்டியைப் படியேறும் இடத்தின் மேல்முனையில் வையுங்கள். தேக்கா, ஜூ சியாட் பக்கத்துப் பழைய கடைவீடுகள் குறுகலாகவும் மிக நீளமாகவும் இருக்கும். முன்புறத்திலிருந்து பின்கட்டுவரை ஒரு கேபிள் போகாமல் அங்கே எதுவும் நடக்காது.

வேலை முடிந்ததும் அதே நாள்காட்டித் தாளை எடுத்து, அதே இடங்களில் நின்று, பழைய எண்களுக்குப் பக்கத்தில் புது எண்களை எழுதுங்கள். எங்கள் தாளில் கடைசி அறை –81க்குப் பக்கத்தில் –49 என்று இருக்கிறது. சமையலறை –84இலிருந்து –58. மாமியார் இப்போது ரசம் கொதிக்கும்போதே பட்டிமன்றம் பார்க்கிறார். நாற்பது வெள்ளி ரிப்பீட்டரைக் குப்பையில் போடாமல் மின்கழிவுத் தொட்டியில் போட்டேன். 2021 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் நடக்கும் மின்கழிவுத் திட்டத்தில் இதுபோன்ற பெட்டிகளும் சேர்த்தி. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் தொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஈப்போத் தம்பி மட்டும் இன்னமும் அவ்வப்போது உறைகிறார். விசாரித்தால், அவர் வீட்டு ரூட்டர் டிவிக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். பள்ளி விடுமுறையில் எல்லோரும் அங்கே போகிறோம். புதிதாக வாங்கிய இருபது மீட்டர் கேபிளைப் பையில் எடுத்து வைத்தாயிற்று.